பெரட்டுக் களத்து லெப்டொப்

எங்கள் தோட்டத்தில் போன் சிக்னல் ஒழுங்காகப் பிடிக்கிற இடம் பெரட்டுக் களம் ஒன்றுதான். விடியக் காலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்து விடுவார். ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகை. மறு ஓரத்தில், சவுக்கு மரத்தடியில், ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவில் பிள்ளையார் கோயில். அந்தக் கோயில் படியில் உட்கார்ந்தால் போனில் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். படியை விட்டு இறங்கினால் படுத்துவிடும். காரணம் கேட்டால் எங்கள் ஆட்கள், "அது புள்ளையாரு டவரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் படியில்தான் அந்த வாரம் மூன்று நாள் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பனி மேலேயிருந்து இறங்காது, கீழேயிருந்து ஏறி வரும். ஹல்துமுல்லைப் பள்ளத்தில் புறப்பட்டு, தேயிலை நிரைகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் ஏறி, களத்துக்கு வந்து ஆட்களோடு ஆட்களாக நிற்கும். கொஞ்ச நேரம் கால்கள் தெரியாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும், முதுகுக் கூடையும், பேச்சுச் சத்தமும் மட்டும் மிதந்து வரும். யார் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் சிரிப்பு அடுத்த மலைக்குப் போயிருக்கும். இன்றைக்கும் அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பனிதான் வருகிறது, பிறகுதான் அழுகை.

விஷயம் இதுதான். மழையையும் மண்சரிவையும் கணக்குப் பார்க்கிற ஒரு சின்ன அலுவலகம் பதுளையில் இருக்கிறது. அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சை நல்லபடியாக முடிந்து, கடைசியாக வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார்கள். ஊவாத் தோட்டங்களில் பெய்த மழைக் கணக்கைத் தந்து, எந்தச் சரிவில் எவ்வளவு பெய்திருக்கும் என்று ஒரு படம் போடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் பதுளை. காலையில் பஸ் ஏறி, இருட்டுவதற்குள் அம்மாவிடம் வந்துவிடலாம். அனுப்ப முடியாவிட்டால் கொழும்பு. அங்கே ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஏற்கனவே வரச் சொல்லிவிட்டார்கள். வத்தளையில் சித்தி மகளின் அறையில் எனக்கென்று ஒரு பாய்கூடத் தயார்.

அப்பா நான் குழந்தையாக இருந்தபோதே தவறிப்போனார். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அம்மாவும் நானும்தான். நான் போய்விட்டால் அம்மா தனியாகத் தேத்தண்ணி ஊற்றி, தனியாகக் குடித்துவிட்டு, தனியாகக் கதவைச் சாத்துவாள். அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புள்ளிவிவரக் கணக்குக்கு நாங்கள் படித்த மென்பொருளுக்கு ஆர் என்று ஒற்றை எழுத்துப் பெயர். வந்தபடியே விட்டால் அதற்குச் சராசரி எடுக்கத் தெரியும், கோடு போடத் தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால், உலகத்தில் எங்கேயோ யாரோ எழுதி வைத்த பேக்கேஜை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழையை மலைமேல் பரப்பிக் காட்டுகிற ஒரு பேக்கேஜ் எனக்குத் தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் லேப் கணினிகளில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள், நாங்கள் மகாராணி மாதிரி போய் உட்கார்ந்தால் போதும். என் லெப்டொப்பில் அதுவரை ஒரு பேக்கேஜ்கூட ஏற்றியதில்லை. அது கிழட்டு லெப்டொப். பட்டன்கள் வைத்த அழகான ஜன்னல் எதையாவது திறந்தால் மூச்சு வாங்கும். அதனால் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளைக் கையால் அடித்து ஓட்டுவதுதான் என் வழக்கம்.

அந்த லெப்டொப் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது அம்மாவும் நானும் பதுளை பஜாருக்குப் போய் வாங்கினோம். யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது. கடைக்கார முதலாளி நெற்றி நிறைய விபூதி, காதில் பூ. பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தார். "பாப்பா பேரு என்னம்மா? பேரு கேக்குது பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மொதல்ல புள்ளையார் சுழி போடுங்க மொதலாளி. பேரு எங்க ஓடிறப் போகுது?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். கடுதாசி, பரீட்சைத் தாள், கடைக்குச் சாமான் எழுதுகிற துண்டு, எதுவானாலும் உச்சியில் ஒரு உ போடாமல் பேனா கீழே இறங்காது. முதலாளிக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதானே, புதுச் சாமான் இல்லியா!" என்று தமிழ் எழுத்துக்கு மாற்றி, தேடித் தேடி ஒரு உ வைத்தார். அம்மா கண்ணை மூடிக் கையைக் கூப்பி, உதடு அசைய என்னமோ வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் நீளமாகத்தான் இருந்தது. முதலாளி மரியாதையாகக் காத்திருந்து, அம்மா கண்ணைத் திறந்ததும் பக்தியோடு பட்டனை அமுக்கிவிட்டார். என் பேரை அடிக்க மூன்று பேருமே மறந்துபோனோம். கணினி அந்த உ-வையே என் முழுப் பெயராக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எப்போது திறந்தாலும் "நல்வரவு, உ" என்றுதான் என்னைக் கூப்பிடும். பல்கலைக்கழகத்தில் கூட்டாளிகள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். நான் மாற்றவில்லை. அம்மா வைத்த பேர், இருந்துவிட்டுப் போகட்டுமே!

புதன்கிழமை வேலையைத் தொடங்கினேன். முதலில் காம்பராவுக்குள்ளேயே இருந்து முயன்றேன். பேக்கேஜ் பாதி இறங்கும், நிற்கும். மறுபடி அடித்தால் மறுபடி பாதி. வாசலுக்கு வந்தேன், தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனேன், கடைசியில் எல்லாரும் போகிற இடத்துக்கே, பிள்ளையார் படிக்குப் போய் உட்கார்ந்தேன். போனிலிருந்து லெப்டொப்புக்கு இணையத்தைக் கொடுத்துக் கட்டளையை அடித்தேன். இப்போது வேறு மாதிரி கதை. இந்தப் பேக்கேஜ் வேண்டுமென்றால் அந்தப் பேக்கேஜ் வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. கல்யாணத்துக்கு ஒரு வீட்டைக் கூப்பிட்டால் அவர்கள் சம்பந்தி வீட்டையும் கூப்பிட வேண்டி வருமே, அந்த மாதிரி. சரி, எல்லாரும் வாங்க என்று எல்லாவற்றையும் சேர்த்தே அழைத்தேன். எல்லாரும் வந்தார்கள். வாசல் வரைக்கும் வந்து, உள்ளே நுழையாமல் நின்றுவிட்டார்கள். எழுத முடியாத இடம் என்று ஒரு சிவப்பு வரி. அடுத்த முறை அடித்தால், கோப்புறையைப் பூட்ட முடியவில்லை என்று இன்னொரு வரி.

அந்தப் பூட்டு விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். பேக்கேஜை ஏற்றும்போது ஆர் ஒரு பூட்டுக் கோப்புறையைப் போடும், பாதியில் கெட்டால் அது அப்படியே கிடந்து அடுத்த முறையைத் தடுக்கும். அதை அழிக்கத் தேடினேன். அகப்படவில்லை. இறக்குகிற இடத்தை மாற்றினேன், சிங்கப்பூரை விட்டு இந்தியா, இந்தியாவை விட்டு ஜப்பான். ஜப்பான்காரன் என்ன செய்வான் பாவம், அவன் பங்குக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். பிறகு ஆர் மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அதற்குள் பொழுது போய்விட்டது. பனி வந்து, போய், மறுபடி வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்னாடி, காலையில வச்ச இடத்துலயே இருக்க? புள்ளையாருக்குப் பக்கத்துல ஒன்னையும் பிரதிஷ்டை பண்ணிறலாமா?" என்றார்கள். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. "ஒங்க வேலயப் பாத்துக்கிட்டுப் போங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், தும்மினால் வெளியே வந்துவிடும்.

வியாழக்கிழமையும் அதே கூத்து. சித்தி மகள் வேறு போன் எடுத்து, "ஞாயித்துக்கெழம வந்துரு, ரயிலுக்கு நானே வாறேன்" என்றாள். அவள் நல்லவள்தான். அந்த நேரத்தில் அவள் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சாயந்தரம் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். படியில் இருந்தபோது இறக்கி வைத்ததைக் கொண்டு, அடுப்புப் புகையில் உட்கார்ந்து மறுபடி ஒரு தடவை கட்டளையை அடித்தேன். அதே சிவப்பு வரி. என்னால் தாங்க முடியவில்லை.

"இந்தச் சனியனத் தூக்கிப் பள்ளத்துல வீசுறனா இல்லியா பாரு!"

"என்னா புள்ள, என்னா சொல்லுது?"

"உள்ள வர முடியாதுன்னு சொல்லுது. நாளைக்கு மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சு. ஞாயித்துக்கெழம நான் கொழும்புக்குப் போறேன். நீ சந்தோசமா இரு."

அம்மா ரொட்டியைத் திருப்பாமல் அப்படியே இருந்தாள். கருகிய வாசம் வந்த பிறகுதான் எடுத்தாள். "அம்புட்டுக்கு அங்க போகப் புடிக்கலியா ஒனக்கு?" என்றாள் மெதுவாக.

"ஒன்னய விட்டுட்டு எனக்கு எங்க போகப் புடிக்கும்? கேக்குறா பாரு கேள்வி!" என்று கத்திவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன். கருகின ரொட்டியை அம்மா எடுத்துக்கொண்டு, நல்லதை எனக்கு மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மாவோடு நானும் களத்துக்குப் போனேன். அன்றைக்குப் போல் பனி நான் பார்த்ததில்லை. கொட்டகை இல்லை, மரம் இல்லை, ரோடு இல்லை. கங்காணியின் குரல் மட்டும் எங்கிருந்தோ பேர் பேராகக் கூப்பிட, பனிக்குள்ளிருந்து பதில்கள் வந்தன. நான் தடவித் தடவிப் படியில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். அந்த வெளிச்சம் எட்டுகிற அளவுக்குத்தான் உலகம் இருந்தது. அம்மா வழக்கமாகப் பிள்ளையாருக்கு நின்ற வாக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிறவள். அன்றைக்குக் கூடையோடு குனிந்து உள்ளே போய் நின்றுகொண்டாள். கங்காணி அம்மாவின் பேரைக் கூப்பிட்டார். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டார். "இந்தா வாறேங்க" என்று வெளியே வந்தவள், போகிற போக்கில் என் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பனிக்குள் போனாள். கை சில்லென்று இருந்தது.

எல்லாரும் போன பிறகு களத்தில் ஒரு சத்தமும் இல்லை. தூக்கமும் விழிப்பும் கலந்த மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு நாள் அழுகையும் கோபமும் வடிந்துபோய், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிற ஒரு லேசான நிலை. கொழும்பு எப்படி இருக்கும், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் கட்டளையை அடித்தேன். சிவப்பு வரி வந்தது. இதுவரை கோபத்தோடு பார்த்த வரியை, அன்றைக்கு முதல்முறையாக நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். எழுத முடியாத இடம் எது என்று அதில் முழு வழியும் இருந்தது. முதலில் வட்டின் பெயர், பிறகு பயனர்கள், பிறகு ஒரு கேள்விக்குறி, பிறகு மற்றக் கோப்புறைகள்.

அந்தக் கேள்விக்குறியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கணினி குழம்பிப்போய் ஏதோ உளறுகிறது என்று தாண்டிப் போயிருந்தேன். எந்தக் கோப்புறைக்காவது கேள்விக்குறி என்று பேர் இருக்குமா? அங்கே பயனரின் பெயர் அல்லவா இருக்க வேண்டும்? என் பெயர் அல்லவா?

தலையை நிமிர்த்தினேன். அதே நேரம் பனி கொஞ்சம் விலகிக் கோயிலின் வாசல் நிலை தெரிந்தது. நிலைக்கு மேலே காவியால் பெரிதாக எழுதியிருந்தது, உ.

"அட எம் பிள்ளையாரே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். கேட்க அவரைத் தவிர யாரும் இல்லை.

இந்தப் பழைய கணினிக்கு வெளி ஜன்னல்களில் தமிழ் தெரியும், அழகாக நல்வரவு சொல்லும். உள்ளே கறுப்புத் திரைக்கும் ஆருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்தைக் கண்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு, அந்தப் பெயரில் ஒரு வீட்டைத் தேடிப் போகும். அப்படி ஒரு வீடு இல்லை. சிங்கப்பூரும் ஜப்பானும் கொண்டுவந்த சாமான்களெல்லாம் இல்லாத வீட்டின் வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கின்றன. உலகத்தில் வேறு யாருக்கு இந்த வியாதி வரும்? சுழி போட்டுத் தொடங்குகிற எங்களுக்குத்தான் வரும்.

பெயரை மாற்றினாலும் உள்ளே கோப்புறையின் பெயர் மாறாது என்று எனக்குத் தெரியும். மாற்றவும் மனம் வரவில்லை. அவரை அவர் இடத்திலேயே விட்டுவிட்டு, வெளியே, வட்டின் முற்றத்தில் ஒரு புதுக் கோப்புறை போட்டேன். வீடு என்று இங்கிலீஷ் எழுத்தில் பேர் வைத்தேன். இனிமேல் பேக்கேஜ்களை இங்கே கொண்டுவா, தற்காலிகச் சாமான்களையும் இங்கேயே வை என்று ஆருக்கு இரண்டு வரியில் சொன்னேன். கட்டளையை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இறங்கியது, பிரித்தது, சரி பார்த்தது, வைத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சம்பந்தி வீட்டார் எல்லாரும் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. குளிரில் கை விறைத்து, எழுத்துத் தப்பி, மறுபடி அடித்து, மழைக் கணக்கை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. எங்கள் மலைகள் நீலத்தில் நனைந்து கிடந்தன. கொஸ்லந்தப் பக்கம் கருநீலம், அப்புத்தளை முகட்டில் வெளிர் நீலம். எங்கள் லயம் எந்த நீலத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். அனுப்பி முடித்தபோது பனி முழுக்கக் கலைந்து, தெற்கே கீழ்நாடு கடல் வரைக்கும் விரிந்து கிடந்தது.

ஓடினேன். மேல் மலையில் அம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நிரைக்குள் புகுந்து மூச்சிரைக்கச் சொன்னேன். "அனுப்பிட்டேம்மா! எல்லாம் ஒன் புள்ளையாரு செஞ்ச வேல. அன்னைக்குக் கடையில போட்ட சுழிதான் உள்ள விடாம மறிச்சுக்கிட்டு இருந்திருக்கு!"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கொழுந்து பறித்த கை அப்படியே நின்றது. "அவருதான் மறிச்சாரா?" என்றாள். பிறகு, "அவர எடுத்துட்டியா?" என்றாள்.

"இல்லம்மா, அவரு அங்கனயே இருக்காரு. சாமானத்தான் வேற வீட்டுக்கு மாத்திட்டேன்."

"அப்பச் சரி" என்று மறுபடி கொழுந்துக்குக் குனிந்துகொண்டாள். என்னடா இது, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

பதுளையிலிருந்து போன் வந்தது அதற்குப் பிறகு ஒரு நாள். முதலாம் திகதி வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குச் சாயந்தரம் அம்மா கால் முகம் கழுவிக்கொண்டு, சிதறு தேங்காய் அடிக்கப் பிள்ளையாரிடம் கூட்டிப் போனாள். பையில் பார்த்தால் இரண்டு தேங்காய்.

"ரெண்டு எதுக்கும்மா?"

"ஒன்னு ஒனக்கு வேல கெடச்சதுக்கு." அதை ஓங்கி அடித்தாள். களத்து நாய்கள் ஓடி வந்தன. இரண்டாவதை எடுத்து உள்ளங்கையால் துடைத்தாள். "இது, நான் வேண்டுனத மாத்துனதுக்கு."

"என்னாத்த வேண்டுன? என்னாத்த மாத்துன?"

"அன்னைக்குக் கடையில வேண்டுனேன்ல. இந்தப் புள்ள இந்த மலையில கெடந்து சீரழியக் கூடாது, என்னயப் பாத்துக்கிட்டு இங்கனயே நிக்கக் கூடாது, எங்கயாச்சும் தூரமாப் போயி நல்லா இருக்கணும்னுதான் வேண்டுனேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இவளோடு இருக்க வேண்டுமென்று படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, இவள் என்னை அனுப்பி வைக்க முன்பே சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். "ஒனக்கு என்னா பைத்தியமா? நான் போயிட்டா நீ என்னா செய்வ?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"அத யோசிக்காமத்தான் வேண்டுனேன். அன்னைக்கு ராத்திரி நீ கத்துனீல்ல, அப்பத்தான் எனக்கும் நெஞ்சு தாங்கல. காலையில வந்து சொன்னேன். சாமி, மொதச் சொன்னத விட்டுரு, அவ எங்கிட்டயே இருக்கட்டும்னு."

அதற்காகவா அன்றைக்குக் கங்காணி இரண்டு தடவை கூப்பிட்டும் வெளியே வராமல் நின்றாள்! நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லா இருக்கு ஒங்க நியாயம். தடங்கலப் போக்குற சாமின்னு பேரு, நீங்களே குறுக்க உக்காந்து என்னய இந்த அலை அலைய விட்டிருக்கீங்களே!"

அம்மா பட்டென்று என் கையில் ஒரு அடி போட்டாள். "அவரக் குத்தஞ் சொல்லாத புள்ள. அவரு பாவம், நான் கேட்டதத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாரு."

சொல்லிவிட்டு இரண்டாவது தேங்காயை என் கையில் கொடுத்தாள்.